காலி கேனை மிதக்கவிட்டுக் கெளுத்தி பிடிக்கலாமா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஓக்லஹோமாவில் சில வருடம் வேலை பார்த்தபோது, மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேனில் கயிறும் தூண்டில் முள்ளும் கட்டி, ஏரியில் மிதக்கவிட்டுக் கெளுத்தி பிடித்தாராம். அங்கே அதை ஜக் ஃபிஷிங் என்கிறார்கள். இப்போது ஊரோடு வந்துவிட்டார். பவானிசாகரிலோ பவானி ஆற்றிலோ இருபது கேன் விடலாமா, என்ன இரை, எவ்வளவு ஆழம், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் எப்படிச் செய்வது, பிடித்ததைச் சாப்பிடலாமா என்பது கேள்வி. இரையும் ஆழமும் எளிதில் சொல்லிவிடக்கூடியவை. அவர் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: கையில் பிடிக்காத தூண்டில் தண்ணீருக்குள் செய்கிற வேலைக்கு யார் பொறுப்பு? அதிலிருந்தே பதில் சொல்கிறேன். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்து, மேற்கு மாவட்ட அணைகளிலும் குளங்களிலும் குஞ்சு இருப்புச் செய்வது, பிடிப்புக் கணக்கு எடுப்பது என்று பல வருடம் வேலை பார்த்தவன் நான். அமெரிக்க ஏரியில் கேன் விட்ட அனுபவம் கிடையாது. அந்தப் பகுதி படித்தும், செய்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

அங்கே இந்த முறை பலிப்பதற்கு முதல் காரணம் மீன். அவர்களுடைய நீலக் கெளுத்தி சேற்றில் மட்டும் கிடக்கிற மீன் அல்ல. சின்ன மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஏரியின் நடுப்பகுதியில், நடு ஆழத்தில் சுற்றும். அதனால் காற்றில் நகர்ந்து போகிற கேன் பெரிய பரப்பைத் துழாவிவிடுகிறது. வளர்ச்சியும் அப்படி: 2011-இல் வர்ஜீனியாவில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு நீலக் கெளுத்தி 143 பவுண்டு, அதாவது சுமார் 65 கிலோ. இரண்டாவது காரணம் விதிகள். மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும் பொதுவான கூறுகள் உண்டு. மீன்பிடி உரிமம் வேண்டும். மிதவையில் பெயரும் முகவரியோ உரிம எண்ணோ எழுதியிருக்க வேண்டும். ஒருவர் இத்தனை முள்ளுக்கு மேல் போடக்கூடாது. இத்தனை மணி நேரத்துக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும். கட்டாமல் மிதக்கவிட்டால் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்கிற இடங்களும் உண்டு. நம்மவர்கள் வீடியோவில் பார்ப்பது கேன் தலைகீழாகப் புரள்கிற ஜோரை மட்டும்தான். இந்த ஏற்பாடு முழுவதும் அதில் தெரிவதில்லை.

நம் தண்ணீரில் நிலைமை வேறு. காவிரி, பவானி, அமராவதி, இவற்றை நம்பிய குளங்களில் அதிகம் கிடைப்பது ஒரு சாணுக்குள் அடங்குகிற நாட்டுக் கெளுத்தி. அது அடியில், கல் இடுக்கிலும் கரையோரச் சேற்றிலும் மேய்கிற மீன். அதற்குக் கேன் தேவையே இல்லை. மண்புழு கோத்த கைத்தூண்டில் போதும். அடுத்தது வாளை. வாய் கண்ணுக்குப் பின்னால் வரை கிழிந்திருக்கும், பற்கள் கூர்மை, முதுகுத் துடுப்பு பேருக்கு ஒரு துணுக்கு, அடித்துடுப்பு வால் வரை நீளம். கேனை இழுத்துக்கொண்டு ஓடக்கூடிய மீன் இதுதான். ஆனால் உலக அளவில் இது குறைந்துகொண்டு வருகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாகச் சேர்த்திருக்கிறார்கள். மூன்றாவது ஆப்பிரிக்கக் கெளுத்தி. யாரோ குட்டையில் வளர்த்து, மழையில் கரை உடைந்து தப்பித்து, இன்று கழிவுநீர் கலந்த குளங்களில்கூட இருக்கிறது. காற்றையும் சுவாசிக்கும் என்பதால் ஆக்சிஜன் இல்லாத தண்ணீரும் அதற்குப் பொருட்டில்லை. ஆக, நீங்கள் கேன் விட்டால் மாட்டப்போவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்றை விட்டுவிட வேண்டும், இன்னொன்றை விடவே கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், தண்ணீர் யாருடையது என்ற விஷயம். 'ஆறு பொதுச் சொத்துதானே' என்று சொல்வார்கள். ஆறு பொதுதான். மீன்பிடி உரிமை அப்படியல்ல. பவானிசாகர், அமராவதி, ஆழியாறு, திருமூர்த்தி மாதிரியான அணைகளில் மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் வழியாக நடந்து வந்தது. இன்றைக்கு நேரடியாகக் கழகமா, அதனிடம் குத்தகை எடுத்தவரா என்பது அணைக்கு அணை, வருடத்துக்கு வருடம் மாறலாம். மேட்டூரில் உரிமம் பெற்ற மீனவர்கள் பரிசலில் வலை விரிக்கிறார்கள். ஏரி, குளங்களை மீன்பாசி ஏலத்தில், அதாவது மீன்பிடி உரிமைக்கான ஏலத்தில், யாராவது எடுத்திருப்பார்கள். குஞ்சு வாங்கி விட்டவர் அவர். கட்லாவும் ரோகுவும் வளர்ந்து வரும் தண்ணீரில் நீங்கள் கேன் மிதக்கவிட்டால், அவர் பார்வையில் அது திருட்டு. கெளுத்தி மட்டும்தான் பிடிக்கிறேன் என்று கரையில் நின்று சொல்லி அவரை நம்ப வைக்க முடியாது. பவானிசாகரில் ஒரு பரிசல்காரர் என்னிடம் இதைக் கேள்வியாகவே கேட்டார்: "ஏனுங்க சார், கேனை உட்டுப்போட்டு ஊட்டுக்குப் போய்ட்டா, அதுல மாட்டுன மீனு யாருதுங்க?" அவர் வலைக்குப் பக்கத்தில் காற்று தள்ளிவிட்ட கேனும் முள்ளும் வந்து சிக்கினால் அவருக்கு அரை நாள் வேலை போச்சு. வலை கிழிந்தால் அதற்கும் யார் பதில் சொல்வது?

பவானிசாகரில் இன்னொன்றும் இருக்கிறது. நீர்த்தேக்கத்தின் மேல்பக்கக் கரை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியது. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் யானைக் கூட்டம் தண்ணீருக்கு வரும். கெளுத்தி அந்தி சாய்ந்த பிறகு மேய்கிற மீன். இரவில் அந்தக் கரையில் நிற்பது வனச் சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. அமராவதி அணையில் முதலைகள் உண்டு என்பது உடுமலைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எனவே அணைகளில் இருபது கேன் என்ற யோசனைக்கு என் பதில் 'வேண்டாம்' என்பதுதான். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பவானி ஆற்றுக்கும் அதே பதில், காரணம் மட்டும் வேறு. ஓடுகிற தண்ணீரில் கட்டாத கேன் உங்களுக்காகக் காத்திருக்காது. கொடிவேரியில் அணைக்கட்டு, அப்புறம் வாய்க்கால் தலைப்பு மதகுகள், காவிரியில் சேர்ந்த பிறகு வரிசையாகக் கதவணைகள். ஆகாயத்தாமரையோடு சேர்ந்து வந்து அடைக்கிற குப்பையில் உங்கள் கேனும் ஒன்றாகிவிடும். அதில் தொங்குகிற முள், அடைப்பை எடுக்க இறங்குகிற ஆளின் கையில் ஏறும். ஆற்றில் குளிக்கிற பிள்ளைகளின் காலிலும் ஏறும். அது போக, மேட்டுப்பாளையத்தில் பில்லூர் அணைத் தண்ணீர் திடீரென்று வந்து ஆட்கள் அடித்துச் செல்லப்படுவது அடிக்கடி செய்தியில் வருகிறது. கேனைத் துரத்திக்கொண்டு ஆற்றில் இறங்குவது அந்த மாதிரி இடத்தில் செய்கிற காரியம் அல்ல.

சரி, எங்கேதான் செய்யலாம்? உங்கள் தோட்டத்துப் பண்ணைக் குட்டை, பெரிய கிணறு, சொந்தக்காரரின் அனுமதியோடு தண்ணீர் நிற்கிற பாறைக்குழி, ஏலம் எடுத்தவர் சரி என்று சொன்ன குளம். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஏலக்காரருக்குக் கெளுத்தியும் வாளையும் குஞ்சு தின்கிற எதிரிகள். நேரில் போய், 'கெளுத்தி மட்டும் எடுக்கிறேன், கட்லா மாட்டினால் உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்' என்று பேசினால் ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வாய்ப் பேச்சோடு விடாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ராத்திரி காவல்காரருக்கு அந்தச் சீட்டுதான் பேசும்.

இனி கேன். பெரிதாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூடிய ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீருக்குள் முழுதாக அமுங்கும்போது ஏறக்குறைய ஒரு கிலோ விசையோடு மேலே தள்ளும். இருபது லிட்டர் கேன் என்றால் இருபது கிலோ. இரண்டு கிலோ மீன் அதை இழுக்க முடியாமல் வாய் கிழிந்து போகும், அல்லது களைத்துச் செத்துப்போகும். ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் போதும். குடிதண்ணீர் பாட்டிலோ எண்ணெய் கேனோ எடுங்கள். பூச்சிமருந்து கேனையும் சாயப்பட்டறை ரசாயனக் கேனையும் தொடவே கூடாது. நம் ஊரில் தோட்டத்துக்குத் தோட்டம் சும்மா கிடப்பது அவைதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். எத்தனை முறை கழுவினாலும் மூடி மரையில் தங்குகிற மருந்து ஒரு குட்டை மீனைக் கொல்லப் போதுமானதாக இருக்கலாம். தெர்மாகோலும் வேண்டாம். உதிர்ந்து தண்ணீரெல்லாம் மணியாக மிதக்கும். கேனில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் அழியாத மையில் எழுதி, டார்ச் ஒளியில் மின்னுகிற ஸ்டிக்கர் ஒரு பட்டை ஒட்டிவிடுங்கள்.

கயிற்றுக்கு மெல்லிய தங்கூஸ் (நைலான் இழை) வேண்டாம். கையை அறுக்கும், அறுந்தால் கண்ணுக்குத் தெரியாது, நீர்க்காகமும் ஆமையும் அதில் சுற்றிக்கொள்ளும். இரண்டு மில்லிமீட்டர் முறுக்குக் கயிறு, முனையில் ஒன்றரை அடிக்கு மட்டும் கனமான தங்கூஸ், அதில் ஒரே ஒரு முள். கேன் ஓடாமல் இருக்க அரைச் செங்கல்லைத் தனிக் கயிற்றில் கட்டுங்கள். முள் கயிற்றையும் செங்கல் கயிற்றையும் ஒன்றாக்க வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கோழிக்குடலைக் கெளுத்தி மட்டும் தேடி வராது, பால் ஆமையும் வரும். ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. முள் செங்கல்லோடு சேர்ந்திருந்தால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். கேனிலிருந்து தொங்குகிற முள் என்றால் தலையை வெளியே நீட்டி மூச்சுவிட முடியும். பால் ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்துக்கொள்வதும் குற்றம், கொல்வதும் குற்றம். மாட்டிவிட்டால் முள்ளைப் பிடுங்கப் பார்க்காதீர்கள். தூக்கிக் கரையில் ஈரச் சாக்கில் வைத்துவிட்டு வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். ஆமை அதிகம் நடமாடுகிற குளம் என்று தெரிந்தால் அங்கே கேன் விடாமல் இருப்பதே சரி.

எத்தனை கேன் என்பதற்கு நான் சொல்லும் அளவு இது: கரையில் ஓர் இடத்தில் நின்றபடி, எல்லாக் கேனையும் ஒரே பார்வையில் எண்ண முடிய வேண்டும். சாதாரணப் பண்ணைக் குட்டையில் இது நாலைந்துக்கு மேல் போகாது. இருபது வேண்டாம். அந்தியில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை பார்த்து, தூங்கப் போகுமுன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. தொலைந்த கேன் அங்கேயே வேலை செய்துகொண்டிருக்கும். மாட்டின மீன் செத்து, அதுவே இரையாகி, அதைத் தின்ன வந்தது மாட்டும். அறுந்த வலைகளில் மீன் அழுகிக் கிடப்பதை எடுத்திருக்கிறேன். முள் கட்டிய கேனும் அதே வேலையைச் சின்ன அளவில் செய்யும்.

முள்ளைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது: வளைந்து நுனி உள்பக்கம் திரும்பிய சர்க்கிள் ஹூக் வாங்குங்கள். கேன் தூண்டிலில் வெட்டி இழுக்க ஆள் இல்லை. மீன் விழுங்கிவிட்டு நகரும்போது, இந்த முள் வழுக்கிக்கொண்டு வந்து வாய் ஓரத்தில் பிடிக்கும். சாதாரண முள் குடலில் போய்க் குத்தும். விட்டுவிட வேண்டிய மீன் பிழைக்குமா சாகுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான். பல வகை மீன்களில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நிச்சயம் குறைந்தவை இரையும் நேரமும் பற்றிய பேச்சுகள். கோழி ஈரல்தான் வேண்டும், குடல்தான் வேண்டும், சோப்புத் துண்டுகூடப் போதும், அமாவாசைக்கு எடுக்கும் பௌர்ணமிக்கு எடுக்காது என்றெல்லாம் சொல்வார்கள். கெளுத்தி வாசனையையும் சுவையையும் வைத்து இரை தேடுகிற மீன், அதன் மீசையிலும் தோலிலும்கூடச் சுவை உணர்வு உண்டு. அது உறுதி. அதற்கு மேல் ஈரலா குடலா என்பது அவரவர் கைராசி. பல்லடம், நாமக்கல் பக்கம் இருந்துகொண்டு கோழிக்கழிவுக்குப் பஞ்சமா? ஈரல் முள்ளில் நிற்காது, குடல் நிற்கும். நான் குடல் பக்கம். ஆனால் ஒன்று: மீதிக் கழிவைக் குட்டையில் கொட்டாதீர்கள். உயிருள்ள மீன்குஞ்சை வேறு குளத்திலிருந்து கொண்டுவந்து இரையாகக் கோக்கவும் வேண்டாம். தப்பித்தால் அந்தக் குளத்திலும் பரவிவிடலாம்.

ஆழத்துக்கு ஒரு குறிப்பு. அடியிலிருந்து ஒரு முழம் மேலே இரை நிற்பது பொதுவாக நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் ஆழமான குழிகளில் மேல் தண்ணீர் சூடாகவும் அடித் தண்ணீர் குளிர்ந்தும் பிரிந்து நிற்கும். அடியில் ஆக்சிஜன் இருக்காது, மீனும் இருக்காது. அப்போது இரையைப் பாதி ஆழத்துக்கு ஏற்றிவிடுங்கள். புது மழைத் தண்ணீர் வந்து குளம் ஏறுகிற நாட்களில் கேனை எடுத்து வைத்துவிடுங்கள். கெளுத்தி இனங்கள் பலவும் முட்டை வைக்கக் கரைப்பக்கம் ஏறுவது அப்போதுதான். அந்த நேரத்தில் சுலபமாகக் கிடைக்கும் என்பது உண்மை. அதனால்தான் பிடிக்கக் கூடாது என்கிறேன். ஒரு சினை மீனோடு போவது ஒரு மீன் மட்டும் அல்ல.

இப்போது முன்னால் நிறுத்திவைத்த விஷயம். வாளை வந்தால், முள் வாய் ஓரத்தில் இருந்தால், தண்ணீரிலிருந்து முழுதாகத் தூக்காமல் கழற்றி விட்டுவிடுங்கள். இது என் விருப்பம், பிடிக்கச் சட்டத் தடை இருக்கிறது என்று சொல்லவில்லை. உங்கள் ஏலக்காரர் 'அதைத்தான் முதலில் எடுக்கணும்' என்று சொல்லலாம், குஞ்சு விட்ட குளத்தில் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆறும் குளமும் சேருகிற இடத்தில் மட்டும் அவரோடு கொஞ்சம் வாதாடிப் பாருங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் எந்தத் தண்ணீரிலும் திருப்பி விடாதீர்கள். முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை நீண்டு, தலை தட்டையாகக் கெட்டி எலும்போடு, மீசை எட்டு இருந்தால் அந்தக் குடும்பம். நம் நாட்டு வகையும் இதே சாயலில் இருப்பதால் சின்ன மீனில் பிரித்துச் சொல்வது கடினம், படித்தவர்களுக்கே தடுமாறும். ஒரு முழத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்திதான். இதைக் குஞ்சு பொரிக்கவும் வளர்க்கவும் தடை இருக்கிறது, பிடித்துக் கொல்வதற்கு இல்லை. 'சும்மா கிணற்றில் போட்டு வைப்போம், பெருசாகட்டும்' என்று கொண்டுபோய் விடுகிறவர்கள்தான் இதை ஊர் ஊராகப் பரப்பினார்கள். கரையில் போட்டாலும் வெகுநேரம் சாகாது. ஈரத் தரையில் நகர்ந்து தண்ணீருக்கே திரும்பிப் போகும். தலையில் ஒரே அடி அடித்து முடித்துவிடுவதுதான் அதற்கும் கருணை.

சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குட்டை மீன் என்றால் தாராளமாக. நொய்யல், ஒரத்துப்பாளையம், சாயக்கழிவோ சாக்கடையோ சேர்ந்த குளங்கள் என்றால் வேண்டாம். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, பிறகு சுத்திகரிப்போடு திறந்தன. ஆனாலும் அடிச் சேற்றில் முன்பே படிந்தது அவ்வளவு சீக்கிரம் போய்விடாது, கெளுத்தி மேய்வதும் அந்தச் சேற்றில்தான். கோவைக் குளங்களில் கரையில் வைத்து மீன் விற்கிறார்களே என்றால், விற்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. ஆய்வகத்தில் பார்த்தால்தான் தெரியும். நான் வாங்குவதில்லை.

மீனைக் கழற்றும்போது பக்கத் துடுப்பு முள்ளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்துப் பிடியுங்கள், அல்லது ஈரத் துணியைப் போட்டு அமுக்குங்கள். தேளி என்கிற விஷ முள் கெளுத்தி குத்தினால் கடுப்பு உயிர் போகும். அந்த விஷம் சூட்டில் கெடக்கூடியது. குத்துப்பட்ட இடத்தைக் கழுவிவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி இறங்கும். மரத்துப்போன கை சூட்டை உணராது, அதனால் நல்ல கையை முதலில் விட்டுப் பாருங்கள். முள் உள்ளே முறிந்திருந்தாலோ, வீக்கம் மேலே ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். டிடி ஊசி போட்டு வருடக்கணக்காகிவிட்டதென்றால் அதையும் அங்கேயே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.